சிவப்புப் புள்ளி வைத்த வைஃபை

தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்துக்குள் தன் பொருளை மாற்றிவிட்டார்கள் என்று தனபாலன் முடிவு கட்டினார்.

“அங்கிள், நீங்க தந்த சாமான் தன்னை சீடின்னு சொல்லுது,” என்றாள் நிரோஷினி. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கணினி திருத்தும் கடை அவளுடையது.

“நான் தந்தது வைஃபை குச்சி. சீடி எங்கேருந்து வந்துச்சு?”

மூன்று மணிக்குக் கொழும்பு நிறுவனமொன்று அவரை இணையவழியில் நேர்முகம் காண்கிறது. ஓய்வுக்குப் பிறகு கிடைக்கவிருக்கும் மொழிபெயர்ப்பு வேலை அது. மடிக்கணினிக்குள் இருந்த வைஃபையோ போன வாரமே செத்துவிட்டது. இப்போது மணி இரண்டரை.

குச்சியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. மாநகர சபைக் களஞ்சியத்தில் கதிரை, அலுமாரி எல்லாவற்றுக்கும் இலக்கம் எழுதிப் பழகிய கை அல்லவா? ஆனால் நிரோஷினியின் நகங்களிலும் அதே சிவப்புப் பூச்சு.

அவர் பார்வை போன இடத்தை அவள் கவனித்துவிட்டாள். “ஐயோ அங்கிள்! கதிரையப் போட்டு உக்காந்து பாருங்க.”

குச்சியை வாங்கி அவருடைய மடிக்கணினியில் செருகினாள். கறுப்புத் திரையில் இரண்டு இலக்கங்கள் வந்தன.

“செருகினதும் கர்னல், அதான் கம்ப்யூட்டரோட மையப் புரோகிராம், ‘நீ யாரு’ன்னு கேக்கும். குச்சி தன்னோட கம்பனி இலக்கம், பொருள் இலக்கம், எந்த வகைன்னு சொல்லும். சாமானை இயக்குற புரோகிராம்தான் டிரைவர். ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் ‘இன்னாரை நான் பாத்துக்குவேன்’னு ஒரு பட்டியல் இருக்கு. பொருந்துற டிரைவர்கிட்ட கர்னல் ஒப்படைச்சிடும். இது ‘நான் சீடி டிஸ்க்’னு சொல்லிச்சு. டிஸ்க் டிரைவர் வந்து பிடிச்சிடுச்சு.”

“ஏன் பொய் சொல்லணும்?”

“விண்டோசுக்கான டிரைவரை உள்ளேயே வச்சு விக்கிறாங்க. முதல்ல சீடி வேஷம். நீங்க வச்சிருக்கிறது லினக்ஸ், அதுக்கு அந்த சீடி தேவையில்ல. வெளிய எடுத்துட்டோம்னு சொன்னா வேஷத்தைக் கலைக்கும்.”

ஒரு கட்டளை அடித்தாள். திரையிலிருந்து குச்சியின் இலக்கங்கள் மறைந்து, குச்சியில் கையே படாமல் மறுபடி வந்தன. இரண்டாவது இலக்கம் மாறியிருந்தது. இம்முறை பட்டியலில் பொருந்தியது வைஃபை டிரைவர். நீல விளக்கு மின்னியது.

“அது சொல்றத அப்படியே நம்புமா உங்க கர்னல்?”

“நம்பும். திறந்து பாக்க அதுக்குக் கை இல்லையே.”

“நான்னா நம்ப மாட்டேன்.”

“அதான் தெரியுதே!”

சரியாக மூன்று மணிக்கு, அந்தக் கடையிலேயே, திரையில் ஒரு பெண் தோன்றினார். “தனபாலன்தானே? ஆரம்பிக்க முன்னாடி அடையாள அட்டையைக் கமராவில காட்டுங்க.”

அன்று முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

“பின்பக்கத்தையும் காட்டவா, மிஸ்?” என்றார்.