ஒண்ணு மிஞ்சும்

அக்கா தைப்பாள், அண்ணன் இஸ்திரி போடுவான், நான் துணி விற்பேன். மூவரும் சேர்ந்து ஒரே கடையாகத் திறந்தோம். பெயர்ப்பலகையில் எழுத அக்கா மூன்று வரி கொடுத்தாள்: துணி தையல், துணி இஸ்திரி, துணி. என் வரி அவ்வளவுதான். துணியைத் துணி என்றுதானே சொல்ல முடியும்.

பலகையோ எங்கள் கடையைப் போலவே ஒல்லி. அத்தனை எழுத்து பிடிக்காது என்று பெயின்டர் கையை விரித்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், கணக்கு வாத்தியார். அவர் விடுவாரா? "எல்லாத்துலயும் துணி இருக்கு. அதைப் பொதுவா வெளியே எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். மேலே பெரிதாக ஒரே ஒரு 'துணி'. கீழே அடைப்புக்குறிக்குள் 'தையல், இஸ்திரி'. அந்தப் பெரிய எழுத்து நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்கள் எல்லாம் கையில் மூட்டையோடு வந்தார்கள். என் அலமாரியைப் பார்த்து, "இவ்வளவும் தைக்கக் கிடக்கா? அப்போ எங்களுது லேட்டாகுமே" என்று கவலைப்பட்டார்கள். நான் ஈ ஓட்டினேன். கடைசியில் அக்கா மென்று விழுங்கி ஆரம்பித்தாள். "தப்பா எடுத்துக்காதேடா. அண்ணனுக்கு வேலை தலைக்கு மேல இருக்கு. உன் அலமாரி இடத்துல இன்னொரு மேஜை போட்டுக்கலாமா?" சரி என்றேன். கூடப் பிறந்தவர்களே நகரச் சொன்னால் வலிக்கத்தான் செய்கிறது.

துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் கடை வாசலில் ஸ்டூல் போட்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தியதைவிடத் திட்டியதுதான் அதிகம்.

"மாப்ளே, இந்தக் கொடுமையைக் கேளு. 3x + 3y + 3. மூணைப் பொதுவா வெளியே எடுக்கணும். இவன் 3(x + y)ன்னு எழுதி வச்சிருக்கான். மூணுலேர்ந்து மூணை வெளியே எடுத்தா ஒண்ணும் மிஞ்சாதாம். ஒண்ணும் மிஞ்சாது இல்லடா, ஒண்ணு மிஞ்சும். அந்த ஒண்ணை உள்ளே எழுதலைன்னா, கடைசி மூணு இருந்த இடமே தெரியாம..."

பேச்சு பாதியில் நின்றது. அத்தான் அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மாப்ளே, உன்னை நான் உள்ளே எழுதவே இல்லையே" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க அத்தான்?" என்று கேட்டேன். அவர் அப்படியே எழுந்து பெயின்டரைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அடைப்புக்குறிக்குள் 'விற்பனை' இடித்துப் பிடித்து ஏறிக்கொண்டது. வாரம் தவறாமல் இஸ்திரிக்கு வரும் பக்கத்துத் தெரு டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"புதுசா துணியும் விக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"புதுசு இல்லைங்க. முதல் நாள்லேர்ந்தே இவன் விக்கிறான்" என்றாள். "நாங்கதான் யார்கிட்டயும் சொல்லல."