விழுங்காத துண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்:

அப்பா ரேமோன். எண்பது வயது. நார்மண்டியில் பாதிச் சந்தைகளில் மாட்டுத் தரகு செய்தவர். மார்ச் மாதம் பக்கவாதம் வந்து போன பிறகும் எழுந்து நடக்கிறார், பேசுகிறார், திட்டுகிறார்.

அக்கா எஸ்தெல். கான் நகரத்தில் ஒரு பள்ளியின் துணை முதல்வர். வீட்டுக்கு வந்தாலும் துணை முதல்வர்தான்.

அவள் புருஷன் லுதோவிக். காப்பீடு விற்கிறவன். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான், அதனாலேயே அவனைப் பார்த்தால் எரியும்.

நான், பாஸ்தியன். படிப்பைப் பாதியில் விட்டவன். பால் பவுடர் ஆலையில் இரவு வேலை.

நாய் இல்லை. அது போன வருஷமே செத்துவிட்டது.

எஸ்தெல் வந்தது சாப்பிட அல்ல, முடிவெடுக்க. அவள் வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமையே போனில் சொல்லிவிட்டாள்: "நான் வந்து பார்க்கிறேன். எல்லாரையும் போல உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசினார்னா அந்த இடம் வேணாம்னு சொல்லிடறேன். இல்லேன்னா அழைச்சிட்டுப் போறேன். நீ நடுவுல பேசாத."

அப்பா அங்கே போனால் அந்தச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டியிருக்கும். வீடு போனால் எனக்குப் போக இடமில்லை. அப்பா மேல் பாசம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவருக்கும் என் மேல் கிடையாது. அந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்கிற ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

எஸ்தெலுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மார்ச்சுக்குப் பிறகு அப்பாவின் தொண்டை சரியாக வேலை செய்யவில்லை. எதுவானாலும் அரைத்துத்தான் கொடுக்கணும், கெட்டியாகக் கொடுத்தால் மூச்சு அடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்கள். கறி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்துக் கிண்ணத்தில் வைத்து, ரேடியோவைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவேன். அவர் சுவரைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்து தின்பார். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் கேட்கவும் இல்லை. நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வழி யோசித்து வைத்திருந்தேன். கொத்துக்கறிக்கு மேல் உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பி அடுப்பில் சுட்டெடுப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. கறியை இரண்டு தரம் அரைத்திருந்தேன். எல்லோரும் அதையே தின்பார்கள். பல்லே இல்லாதவன்கூடத் தின்னலாம். யாருக்கும் சந்தேகம் வராது.

எஸ்தெல் கறிக்கடைப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தாள். மேசைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே நாலு ஸ்டேக், முழு மாட்டுக்கறித் துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிப்பு.

"அப்பாவுக்குப் பிடிச்சதாச்சே," என்றாள் என்னைப் பார்த்து.

ஏதோ சந்தேகப்பட்டுத்தான் வாங்கி வந்தாளா? அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா கட்டைவிரலால் கறியை அமுக்கிப் பார்த்தார். "பசு. மூணு நாலு கன்னு போட்டது. கொழுப்பைப் பாரு, இது நல்ல புல்லு மேஞ்ச மாடு." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மிளகு போட்டு, க்ரீம் ஊத்திப் பண்ணு. எனக்கு ரத்தம் சொட்டணும்."

"நான் வேற பண்ணி வெச்சிருக்கேன்பா. அடுப்புல இருக்கு."

"அதை நீயே தின்னு."

"அப்பா..."

"மாப்பிள்ளை வந்திருக்காரு. கொத்துக்கறியா போடுவ? நான் என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கேன்?"

எஸ்தெல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "அவர் ஆசைப்படறாரு. செஞ்சு கொடேன். இல்ல நான் பண்ணட்டுமா?"

"நீ பண்ணி யார் திங்கிறது?" என்றேன்.

சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்து நான் தூங்கவே இல்லை. கறியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்தேன். வாணலியின் அடிப்பாகத்தால் மிளகை நசுக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே நசுக்கினேன். கறியின் இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டினேன்.

"கறி இன்னும் ஜில்லுனு இருக்கு. கொஞ்ச நேரம் வெளிய வெக்கணும்ல?"

"நீ கார்லயே கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம்ல?"

"வேலைக்குப் போறேன்கிற பேர்ல ராத்திரி பூரா இவரைத் தனியா விட்டுட்டுப் போற. அதை யாராவது கேக்கறாங்களா?"

"ராத்திரி அவர் தூங்குறாரு. பகல்ல நான் இருக்கேன். நீ எப்ப இருக்க?"

வாணலியில் புகை வந்ததும் எண்ணெய் விட்டு, கறியைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவள் ஏதோ சொன்னது கேட்கவில்லை. நல்லதாயிற்று. ஓரங்கள் பழுப்பாகும்வரை தொடவில்லை. திருப்பிப் போட்டு, வெண்ணெயை எறிந்து, உருகியதைக் கரண்டியால் கறிமேல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நாலையும் எடுத்துத் தட்டில் வைத்து மூடினேன். வாணலியில் ஒட்டியிருந்த கருப்பில் சின்ன வெங்காயத்தைப் போட்டு வதக்கி, ஆப்பிள் பிராந்தியை ஊற்றிப் பற்றவைத்தேன். நெருப்பு குப்பென்று எழுந்தது. எட்டிப் பார்க்க வந்த லுதோவிக் இரண்டடி பின்னால் போனான்.

"வீட்டுக்குக் காப்பீடு இருக்கா?" என்று சிரித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நெருப்பு அடங்கியதும் கெட்டி க்ரீமைக் கொட்டிக் கிளறினேன்.

அப்பாவின் துண்டைப் பலகையில் வைத்துக் குறுக்கே அறுத்தேன், சிகரெட் தாள் போல மெல்லிசாக. சாஸில் முக்கால்வாசியை அதன்மேல் ஊற்றினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்று ஒரு நப்பாசை. மற்ற மூன்றும் முழுசாக.

அப்பா தன் தட்டைப் பார்த்தார்.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான். சாஸ் நல்லா ஏறும்னு."

"நான் என்ன தொட்டில்லயா கெடக்கேன்?" தட்டை மேசைமேல் தள்ளினார். அது நேராக லுதோவிக்கிடம் போனது. லுதோவிக்கின் தட்டை அப்பா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு இது சரியா இருக்கும் மாப்பிள்ளை. சோறு ஊட்டி விடவும் ஆள் இருக்கு."

லுதோவிக் பாவம், "நன்றி மாமா," என்றான்.

அப்பா கத்தியை வைத்து ஒரு பெரிய துண்டை அறுத்தார். வாயில் போட்டார். மென்றார். நான் என் தட்டைத் தொடவில்லை. அவர் தாடை இடப்பக்கமாகவே ஆடியது. ஒரு நிமிஷம் போயிற்று. ஒயினைக் குடித்தார். மறுபடி மென்றார். தொண்டை அசையவே இல்லை. அப்புறம் மெல்வதை நிறுத்தினார். வலது கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. கறியை அங்கே ஒதுக்கிவிட்டார். அடுத்த துண்டை வெட்டத் தொடங்கினார், சாவகாசமாக, நன்றாகச் சாப்பிடுகிறவர் போல.

"கறி எப்படிப்பா?" என்றாள் எஸ்தெல்.

தலையை ஆட்டினார்.

அவள் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தாள்.

"அப்பா, நாளைக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். உங்களை மீறி நான் எதுவும் செய்ய மாட்டேன். இங்கயே இருக்கணுமா, வேணாமா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

எட்டு மாதமாக அவர் காத்திருந்த கேள்வி. ஒரே வார்த்தை போதும், வீடு எங்களுடையது. அவர் அவளைப் பார்த்தார். உதடு இறுக்கமாக மூடியிருந்தது.

"அப்பா?"

அவர் கையை அசைத்தார். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

"மாமா யோசிக்கிறாரு," என்றான் லுதோவிக்.

"அவர் யோசிக்கட்டும், நீங்க சாப்பிடுங்க," என்றேன்.

"நீ பேசாதேன்னு சொன்னேன்ல. அப்பா, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. இப்படி உம்முனு இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

அப்போதுதான் அவர் விழுங்கப் பார்த்தார். முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. நான் எழுந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் வெளியே வந்தது. வெள்ளை மேசை விரிப்பில், எஸ்தெலின் கிளாசுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை.

அப்பா மூச்சு வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"செருப்பு. செருப்புத் தோலை வறுத்து வெச்சிருக்கான்."

"எனக்கு நல்லா மெதுவாத்தான் இருக்கு மாமா," என்றான் லுதோவிக்.

"என்னோடதை மட்டும் வேணும்னே கெடுத்திருக்கான். எனக்கு மூச்சு முட்டிச்சுன்னா வீடு இவனுக்கு."

"உன்னோடது மாப்பிள்ளைகிட்ட இருக்கு," என்றேன். "நீ தின்னது அவரோடது."

எஸ்தெல் எழுந்து வந்து அப்பாவின் தட்டிலிருந்து ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டாள். சீக்கிரமே விழுங்கிவிட்டாள். அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தினமும் இப்படித்தானாப்பா?"

"தினமும்தான். எதையும் ஒழுங்கா வேக வெக்கத் தெரியாது. எட்டு மாசமாப் பட்டினி கெடக்கேன், உனக்கெங்க தெரியப் போகுது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். நான் சமையல் தெரியாதவன், அவர் பசித்தவர், அவ்வளவுதான் என்று போயிருக்கும். அவள் அவரை அழைத்துக்கொண்டு போயிருப்பாள், அவர் தலை நிமிர்ந்து போயிருப்பார். எனக்கு அது தோன்றியது. தோன்றியும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். மூன்று கிண்ணங்களை எடுத்து வந்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். ஒன்று கறி, ஒன்று கேரட், ஒன்று என்னவென்று எனக்கே மறந்துவிட்டது. மூன்றும் சுவருக்குப் பூசுகிற சாந்து போல இருந்தன.

"எட்டு மாசமா இதுதான். காலையில இது, மதியம் இது, ராத்திரி இது. அரைச்சுக் குடுத்தாத்தான் இறங்கும். பட்டினி போட்டேனாம்."

லுதோவிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மரியாதைக்குத்தான் திரும்பினான். அதை அப்பா பார்த்தார்.

"எட்டு மாசமா மறைச்சியாடா?" எஸ்தெலின் குரல் உயர்ந்தது. "இப்ப செத்திருந்தார்னா?"

"கறி வாங்கிட்டு வந்தது நீ."

"எனக்குத் தெரியாது! தெரியாமப் பண்ணினது யாரு? வீட்டைக் காப்பாத்திக்கிறதுக்கு அவரை..."

"உனக்கு மட்டும் வீடு வேணாமா?"

"எஸ்தெல்," என்றார் அப்பா. சத்தமே இல்லாமல். "அந்த எடத்துக்கு எப்ப வரச் சொல்றாங்க?"

"நாளைக்குச் சொன்னா புதன்கிழமை வரலாம்."

"சரி."

"அப்பா, நீ போகாம இருக்கணும்னுதானே நான்..." என்று ஆரம்பித்தேன்.

"உன் கோட்டு எங்க?"

"என்ன?"

"கோட்டு. போட்டுக்க." எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை நடந்தார். "புதன்கிழமை வரைக்கும் இது என் வீடு. அதுக்குள்ள நீ இருக்கக் கூடாது."

"நான் எங்க போறது?"

"மிக்ஸியை எடுத்துட்டுப் போ. எவனுக்காவது அரைச்சுக் குடு."

எஸ்தெலைப் பார்த்தேன். அவள் மேசை விரிப்பில் கிடந்ததைக் காகிதத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.

"செத்துத் தொலை," என்றேன் அப்பாவிடம்.

"அதை அங்க போய்ப் பார்த்துக்கறேன்," என்றார்.

கோட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் சாவிச் சத்தம். பக்கவாதம் வந்த கையால் போடுகிறார் போல. சாவி துவாரத்தைத் தவறவிட்டு மரத்தில் கீறியது. மறுபடியும் கீறியது. உள்ளே எஸ்தெல், "விடுங்கப்பா, நான் போடறேன்," என்றாள். "தள்ளு," என்றார் அவர். நான் படியிலேயே நின்றேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் துவாரம் அகப்பட்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டாவது சுற்றும் சுற்றியது.