இருபதாவது அறிக்கை

பதினான்காம் எண் வீட்டுக்கும் பதினாறாம் எண் வீட்டுக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடிச் சந்தில், சமூகப்பணிப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் மூன்றாவது களப்பணி அறிக்கையை ஒப்படைத்த மறுநாள் காலை, ஒரு வீடு வந்து நின்றது. பச்சைக் கதவு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், மூன்று படிகள். தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பதினான்காம் வீட்டுக்காரர் தன் கொடித் துணிக்கு இனி வெயில் பத்தாது என்று குறைப்பட்டுக்கொண்டார். தபால்காரர் கதவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், "இத்தனை நாளா எங்க இருந்துச்சு இது" என்று முணுமுணுத்துவிட்டு சைக்கிளை மிதித்தார். குடிநீர் அலுவலகம் ஒரு மாதத்துக்குள் இணைப்பு எண் கொடுத்தது. மற்ற வீடுகளுக்கு ஆறு மாதம் இழுத்தடிப்பார்கள்.

மாணவி அந்தப் படிப்பில் சேர்ந்ததே ஒரு தவறான யோசனையால்தான். வேறு எதற்கும் மதிப்பெண் போதாமல் போனபோது அவளுடைய சித்தப்பா, "கஷ்டமே இல்ல, நாலு பேர்கிட்ட பேசுற படிப்புதான்" என்று விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். அவள் அதுவரை நாலு பேரிடம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. விடுதியில் அவளோடு அறையில் இருந்தவள் முதல் பருவத்திலேயே தோழிகளின் அறைக்கு மாறிப் போனாள், காலிக் கட்டில் அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, படிக்கிறாயா, சரி வைக்கிறேன். நான்கு நிமிடம். அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் "உள்ளேன் ஐயா" சொல்வதைத் தவிர அவள் வாயைத் திறக்காத வாரங்கள் உண்டு.

வகுப்பில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பயனாளிக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது, நாற்காலியைச் சற்றுச் சாய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். முடியாததற்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. அழுகிறவர்களை அவசரமாகத் தேற்றக் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உன் பெயர், உன் நிறுவனம், வந்த நோக்கம் மூன்றையும் சொல்ல வேண்டும். ஆனால் அழைப்பு மணியை எப்படி அழுத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. களப்பணிக்கான முதல் புதன்கிழமை அவள் பதினான்காம் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றாள். இரண்டாவது புதன்கிழமை பதினாறாம் வீட்டு வாசலில். விரல் மணி வரை போகும், திரும்பி வந்துவிடும். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வருடம் முழுக்க ஒரே பயனாளியைப் பார்த்து இருபது அறிக்கை எழுதித் தரவேண்டிய நோட்டைப் பிரித்தாள். அந்தத் தெருவில் பதினைந்தாம் எண் கிடையாது. இல்லாத வீட்டைப் பற்றி எழுதினால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று நினைத்தாள்.

பயனாளிக்கு நாற்பத்தாறு வயது என்று எழுதினாள். சலவை நிலையத்தில் வேலை பார்த்தவர், இடது முழங்கால் வீக்கத்தால் வீட்டோடு இருப்பவர். ஒரே மகள், பேச்சுவார்த்தை இல்லை. துணையற்ற பயனாளிகளைப் பற்றிய அறிக்கைகளுக்கு மதிப்பெண் கூடுதலாக விழும் என்று சீனியர்கள் சொல்லியிருந்ததால், மூன்றாவது அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள்: "பயனாளியைப் பார்க்க யாரும் வருவதில்லை." துறையில் மாணவர்கள் சிவப்பு மை என்று அழைத்த மேற்பார்வையாளர், அந்த வரியின் ஓரத்தில் சரி என்று ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த புதன்கிழமை சும்மா தெருவை எட்டிப் பார்க்கப் போனவள் பச்சைக் கதவைக் கண்டாள். மணியை அழுத்தத் தேவையிருக்கவில்லை, கதவு திறந்தேயிருந்தது.

"வாம்மா. புதன்கிழமையாச்சே, இன்னும் காணோமேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். முழங்கால் வீங்கியிருந்தது. அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். மாணவி அறிக்கைகளில் தான் எங்கே உட்கார்ந்தாள் என்று எழுத மறந்திருந்தாள். அன்று ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேசினாள்.

"மத்த நாள்லாம் எப்படிப் போகுதுக்கா?"

"எந்த நாளு? நீ வந்துட்டுப் போற, உடனே அடுத்த புதன் வந்துடுது. நடுவுல எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லம்மா. ஜன்னல்ல ஆளுங்க போறது தெரியும். கையைக் காட்டுவேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

மதிப்பெண்ணுக்காக எழுதிய ஒரு வரி இப்படி ஒரு மனுஷியின் வாழ்க்கையாகிவிடும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தபால்காரர் கதவைத் தட்டினால் உள்ளே சத்தம் கேட்கவில்லை. பதினாறாம் வீட்டு அம்மாள் ஒருமுறை டீ எடுத்துக்கொண்டு படியேறினாள், மூன்றாவது படியில் எதற்கு வந்தோம் என்பது மறந்து போய்த் திரும்பிவிட்டாள்.

செய்த தப்பைச் சரிசெய்ய மாணவி ஒன்பதாவது அறிக்கையில் மகள் வந்ததாக எழுதினாள். நோட்டை ஒப்படைத்த அன்றே மகள் நனைந்த குடையோடு வந்து சேர்ந்தாள். அம்மாவும் மகளும் இரண்டு நாள் பேசிக்கொண்டேயிருந்தார்கள், அந்த வீட்டில் வியாழக்கிழமை என்று ஒன்று வந்தது அப்போதுதான். வெள்ளிக்கிழமை மதியம் சிவப்பு மை அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்து, "இவ்வளவு விரைவான முன்னேற்றம் நம்பும்படி இல்லை" என்று எழுதினார். மகள் கையில் இருந்த டீ டம்ளர் தரையில் விழுந்தது, பிடித்திருந்த கையைக் காணோம். அதற்கடுத்த புதன்கிழமை மாணவி போனபோது அந்த அம்மாள், "யாரோ வந்தாப்ல இருந்துச்சும்மா. யாருன்னு தெரியல. ஆனா வீடு ரொம்ப வெறிச்சுனு இருக்கு" என்றாள். வகுப்பில் சொன்னபடி மாணவி அவசரமாகத் தேற்றவில்லை. தேற்ற முடியாமல் அவளே அழுதுகொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பேருந்தில் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளும் வேறு யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருந்த முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

இருபதாவது அறிக்கைக்கு முடிவறிக்கை என்று பெயர். "பயனாளியுடனான தொடர்பு இத்துடன் நிறைவுற்றது" என்று எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பைக் கட்டி அலமாரியில் வைக்க வேண்டும். அது இல்லாமல் பட்டம் கிடையாது. மாணவி அந்த முடிவறிக்கையை எழுதாத நோட்டோடு சிவப்பு மையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் சிவப்பு மை, தலை நிமிராமல். "நெசமா வீட்டுக்குள்ள போனவ எங்க உக்காந்தேன்னு எழுதுவா. நீ ஒன்பது அறிக்கை வரைக்கும் எங்கயுமே உக்காரல."

"அந்த யாரும் வருவதில்லைங்கற வரியையாவது அடிச்சிடுங்க மேடம்."

"கையெழுத்துப் போட்டதைத் திருத்தக் கூடாது. விதி."

"நான் முடிச்சிட்டா அந்த அக்கா என்ன ஆவாங்க?"

சிவப்பு மை பேனாவை மூடினார். தானும் மாணவியாக இருந்தபோது மணியை அழுத்தப் பயந்தவர்தான் என்று, பேருந்து நேரம் சொல்வதைப் போலச் சொன்னார். அடுத்த தெருவில் அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரை எழுதினாராம். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எழுதியிருந்ததால் நன்றாகச் சிரிப்பாராம். சிவப்பு மை இருபதாவது அறிக்கையை நேர்த்தியாக எழுதி முடித்து மெடல் வாங்கினாராம்.

"அவர் வீடு?"

"இப்ப அங்க சைக்கிள் நிறுத்துறாங்க" என்றார். பிறகு, "கேஸை முடிக்கத் தெரியாதவ இந்த வேலைக்கு லாயக்கில்லம்மா. அதுவும் நெசம்தான்" என்றார்.

மாணவி முடிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி, காப்பகங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்குப் போனார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். அவள் பதினொரு ஆண்டுகள் முடிவறிக்கை தராத மாணவியாகவே பதிவேட்டில் இருந்தாள். கல்லூரி நூலகத்தில் தற்காலிகமாகப் புத்தகம் அடுக்கும் வேலை பார்த்தாள், அந்தத் தற்காலிகமும் பதினொரு ஆண்டுகள் நீடித்தது. சித்தப்பா அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஊரில் இருந்த அவளுடைய சொந்த அக்கா மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, "இன்னுமாடி படிக்கிற?" என்று கேட்பாள். புதன்கிழமைகளில் மட்டும் மழையானாலும் காய்ச்சலானாலும் பதினைந்தாம் எண் வீட்டுக்குப் போய்விடுவாள். போகவில்லை என்றால் அந்த அம்மாளுக்கு நாளே கிடையாது. மற்ற ஆறு நாள் அவளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் கழிந்தது. அவளுக்கு அவை எல்லாமே ஞாபகம் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்னிரண்டாம் ஆண்டில் சிவப்பு மை ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று மாலை போட்டார்கள், நால்வர் பேசினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு அவர் பழைய அலமாரியைத் திறந்து, மாணவி முடிக்காமல் விட்டுப் போன நோட்டை எடுத்தார். மூன்றாவது அறிக்கையில் தன் கையெழுத்துக்கு மேலே இருந்த அந்த ஒற்றை வரியைக் கண்டுபிடித்தார். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் முதல்முறையாக, கையெழுத்துப் போட்டதன்மேல் பேனாவை வைத்தார். அடித்தார். தாள் கிழியும் அளவுக்கு அடித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறினார்.

அன்று திங்கட்கிழமை. அவர் நூலகத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பியிருந்ததால் மாணவி பதறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, பதினாறாம் வீட்டு அம்மாள் டீயோடு பச்சைக் கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். தபால்காரர் படியில் உட்கார்ந்து சாவகாசமாக யாரையோ பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு மை மட்டும் வாசலிலேயே நின்றிருந்தார். மணிப் பொத்தானுக்கு அருகே விரலை நீட்டியபடி, அதற்கு மேல் முடியாமல்.

மாணவி அவருடைய விரலைத் தன் விரலால் அழுத்தினாள். மணி அடித்தது.

முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த திங்கட்கிழமையை ஆச்சரியமாகப் பார்த்தாள், பிறகு வந்தவரைப் பார்த்தாள். "நீங்க யாருங்க? எங்கேருந்து வர்றீங்க? என்ன விஷயமா?"

பெயர், நிறுவனம், நோக்கம் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கடிகாரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சும்மாதான்" என்றார் கடைசியில். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்ப உள்ள வாங்க" என்றாள் அந்த அம்மாள்.