சுளை உரித்த விரல்

வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் மகளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து அம்மா தையல் கம்பெனிக்குப் போகவில்லை. விரலில் குத்திப் பார்ப்பது, இன்சுலின் போடுவது எல்லாம் அவள்தான். அப்பாவும் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டவர்தான். ஆனால் ஊசியை எடுத்தாலே அவருக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

கம்பெனியில் மறுபடி கூப்பிட்டார்கள்.

"பள்ளிக்கூடம்தான் லீவாச்சே, என்கூடக் கடைக்கு வரட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

"நீங்களா?"

"பழத்தைப் பாத்துக்கறவனுக்குப் பிள்ளையப் பாத்துக்கத் தெரியாதா?"

"பழத்துக்கு ஊசி போட வேணாங்க. சரி, இன்னைக்கு ஒரு நாள் பாக்கறேன். சரிப்படலைன்னா வேலையே வேணாம்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அப்பாவின் பழக்கடை. பழங்களை வெட்டித் தட்டில் வைத்துத் தருவார். சாப்பிட்டவர் கேட்கும் முன்பே சொம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையில் ஊற்றுவார். பிசுபிசுத்த கையோடு ஒருவரை அனுப்புவது கடவுளுக்கு அடுக்காது என்பது அவர் எண்ணம்.

வாலு பெட்டி மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். வழக்கமாக வரும் கூரியர்காரர் தட்டோடு நின்றார்.

"இத்துனூண்டு பிள்ளைக்குச் சுகரா? மிட்டாயா தின்னு தீத்தியா?"

"மிட்டாயால வரலைண்ணா. என் உடம்புல இன்சுலின் ஊறலை. அதான் வெளியில இருந்து போடறோம். உங்க வண்டிக்கு நீங்க பெட்ரோல் போடலையா?"

"அப்ப மைலேஜ் எவ்வளவு?"

"அப்பாவக் கேளுங்க. இன்னைக்கு அவருதான் ரொப்பறாரு."

சாப்பாட்டு நேரம் வந்தது. அப்பா அவள் விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். முந்நூற்று எண்பது. இவ்வளவு ஏறி அவர் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஃபோன் செய்தார்; எடுக்கவில்லை. கம்பெனியில் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கான அளவோடு, ஏறியிருந்த சர்க்கரைக்கும் சேர்த்து இன்சுலின் ஊசிப் பேனாவில் அளவைத் திருகி வைத்தார். வாலு சட்டையை லேசாகத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த நேரம் கூரியர்காரர் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார். அப்பா பேனாவைப் பலகையில் வைத்துவிட்டுச் சொம்பை எடுத்து ஊற்றினார்.

"ஊருக்கெல்லாம் ஊத்துவீங்க, எனக்கு மட்டும் கிடையாதா? என் கையும்தான் ஒட்டுது" என்றாள் வாலு.

சிரித்துக்கொண்டே அவள் கையில் ஊற்றியவர், பாதியில் நிறுத்தினார். காலையிலிருந்து ஆரஞ்சு உரித்த கை. அந்தக் கையில்தான் குத்தியிருக்கிறார். விரலில் ஒட்டிய பழச்சாற்றின் சர்க்கரையையும் சேர்த்துத்தான் மெஷின் காட்டியிருக்கிறது. கை கழுவிய பிறகே குத்த வேண்டும் என்று நர்ஸ் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. வீட்டில் அம்மா கழுவிவிட்டுத்தான் அழைத்து வருவாள்; அவர் அதைக் கவனித்ததே இல்லை.

நன்றாகக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினார். நூற்று முப்பது.

முன்பு வைத்த அளவைப் போட்டிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப் பிள்ளை மயங்கி விழுந்திருக்கும். பேனாவைப் பின்னால் திருகி, சாப்பாட்டுக்கு மட்டும் வைத்துப் போட்டார்.

"வலிக்கலப்பா" என்றாள் வாலு. வலித்தது.

இடைவேளையில் அம்மா ஃபோன் செய்தாள். "எல்லாம் சரியா இருக்குதாங்க?"

சரியாக இருக்கிறது என்று சொன்னால் பேச்சு முடிந்துபோகும். உண்மையைச் சொன்னால் அவள் வேலையை விட்டுவிடுவாள். அப்பா மகளைப் பார்த்தார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.





"நீங்க மறைச்சு, அவ சொல்லித் தெரிஞ்சிருந்தா நாளைக்கு நான் வேலைக்கு வந்திருக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "கடையில ஒரு சோப்பு வாங்கி வைங்க. நாளைக்கும் அவ அங்கேயே வரட்டும்."

மறுநாள் சொம்புக்குப் பக்கத்தில் புது சோப்பைப் பார்த்த கூரியர்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"கடை பெரிய ஹோட்டலாயிடுச்சு போலிருக்கே அண்ணே?"

"முதல்ல என் பொண்ணு கழுவட்டும். அப்புறம் நீங்க" என்றார் அப்பா.