பயிற்சிக்கு வந்த நோயாளி

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் செவ்வந்தி. சொந்த ஊரான திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தவள், நாகலெட்சுமியிடம் ஓர் உதவி கேட்டாள்.

"பெரியம்மா, ஒருநா வந்து நோயாளி மாதிரி படுத்துக்கணும். பொம்மய வச்சுச் சொல்லிக் கொடுத்தா அது பேசாதுல்ல?"

புருஷன் இறந்தபின் மிளகாய்க் காட்டையும் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள் நாகலெட்சுமி. உடனே சரியென்றாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்கவைத்து, அவள் பெயர் எழுதிய பட்டையைக் கையில் கட்டினாள் செவ்வந்தி. "ஊசி சண்முகவள்ளிங்கிற வேற ஆளுக்கு. நர்சுங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. எந்தப் பேரச் சொன்னாலும் நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

முதலில் வந்தவள், "சண்முகவள்ளிதானம்மா?" என்றாள். நாகலெட்சுமி தலையாட்டினாள். வந்தவள் மருந்தில்லாத ஊசியைக் குத்துவதுபோல் பாவனை செய்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. யாரும் பட்டையைப் பார்க்கவில்லை.

பிறகு ஏர்வாடியைச் சேர்ந்த லாமியா வந்தாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "அம்மா, உங்க பேரச் சொல்லுங்க" என்றாள்.

இதற்குத் தலையாட்ட முடியாதே. "நாகலெட்சுமி" என்றாள். ஊரில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா அல்லது மதினி. தன் பெயர் தன் வாயில் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

லாமியா பட்டையைப் படித்தாள். "இந்த ஊசி உங்களுக்கு இல்லம்மா. எதாச்சும் மருந்து ஒத்துக்காதா? கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல தாயி. அவரு போயிட்டாரு. மக திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறா. ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்குறதுன்னு ராத்திரி சாப்புடுறதே இல்ல. முழங்காலு வேற வலிக்கி..."

பாடத்தில் இல்லாத பேச்சு. லாமியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். செவ்வந்தியும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான், "லாமியா, அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றாள்.

கடைசியில் எல்லோரையும் கூட்டிவைத்து, நடந்ததைச் சொன்னாள் செவ்வந்தி. ஒரு நர்சுக்குக் கோபம் வந்தது. "உங்க பேரு இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானம்மா?"

"ஆஸ்பத்திரியில யாரு என்ன கேட்டாலும் தலையாட்டத்தான தோணுது? செவ்வந்தி சொல்லாட்டியும் ஆட்டிருப்பேன். அவரு படுத்துக் கெடந்தப்பயும் அப்படித்தான் ஆட்டுனேன். என்ன கேட்டாங்கன்னு இன்னமும் தெரியாது."

டீ வந்தது. குடித்துவிட்டு அவரவர் டியூட்டிக்குக் கிளம்பினார்கள். லாமியாவும் வாசலிலிருந்து கையசைத்துவிட்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டு வரை செவ்வந்தி கூடவே வந்தாள்.

"அடுத்து எப்ப வரணும்?"

"அடுத்த வருசந்தான் பெரியம்மா. ஆனா அதுக்கு வேற ஆளத்தான் கூப்புடணும். உங்க மொகம் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுல்ல?"

"அதுஞ் சரிதான். வாரேன்" என்று பஸ் ஏறினாள்.

தேவிபட்டினம் தாண்டியதும் மகளுக்கு போன் போட்டாள்.

"ஷிப்டுல இருக்கேம்மா. என்ன விசயம்?"

என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். "ஒண்ணுமில்ல, சும்மாதான். நீ வேலையப் பாரு."

போனை முந்தியில் முடிந்துகொண்டு ஜன்னலோரம் சாய்ந்தாள். பக்கத்து இருக்கை ஊர் வரைக்கும் காலியாகவே வந்தது.