பத்தொன்பதாவது மாடிக்குக் காக்கை எப்படி வரும்

உலகத்தில் யாரிடமிருந்தும் எதையும் சும்மா பெற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் கொல்கத்தா நியூ டவுனில், பத்தொன்பதாவது மாடியில் வசிக்கிறார். பெயர் வீரராகவன். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தகவலை அவரே சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. படிப்பு ஸ்காலர்ஷிப்பில் வந்தது, வேலை பரீட்சையில் வந்தது, வீடு சம்பளத்தில் வந்தது. தாய்ப்பாலைப் பற்றிக் கேட்டவர்களிடம், அது தாயின் கடமை, அன்பளிப்பில் சேராது என்று விளக்கியிருக்கிறார். இப்படிப்பட்டவரின் சட்டைப் பையில் 1986 முதல் ஒவ்வொரு வருடமும், பொங்கலுக்கு மறுநாள் காலை ஏழே காலுக்கு, ஒரு பிடி மஞ்சள் சோறு இருந்து வந்தது.

அவர் மாற்றலாகிப் போன துறைமுகங்களுக்கும் சோறு விடவில்லை; பாரதீப்புக்கும் வந்தது, விசாகப்பட்டினத்துக்கும் வந்தது, ஹால்டியாவுக்கும் வந்தது. முதல் நாள் வடித்த சோறு. ஆறியிருக்கும், ஆனால் ஊசியிருக்காது. ஒரு வருடம் கூடவே ஒரு கரும்புத் துண்டும் இருந்தது. வீரராகவன் இதை இஸ்திரிக்காரரின் கவனக்குறைவு என்று முடிவு செய்தார். முப்பத்தெட்டு வருடத்தில் ஏழு இஸ்திரிக்காரர்கள் மாற்றப்பட்டார்கள். அவருக்கு ஒரே தங்கை, ஜகதாம்பாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், ரயில்வேயில் வேலை பார்த்து, கொல்கத்தாவின் மறுகோடியில், சாந்த்ராகாச்சியில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கித் தனியாக இருப்பவர். பொங்கலுக்கு மறுநாளான கனுவன்று விடிந்ததும் குளிப்பதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய், மஞ்சள் செடியின் இலையை விரித்து, அண்ணா நன்றாக இருக்க வேண்டும் என்று மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகச் சோற்றைப் பிடி பிடியாகக் காக்கைகளுக்கு வைப்பார். பெண்கள் கூடப்பிறந்தவனுக்காக வைப்பது வழக்கம். காக்கைகள் சாப்பிட்டன, குளிர்காலத்தில் பக்கத்து ஏரிக்கு வரும் வெளிநாட்டு வாத்துகளும் ஒன்றிரண்டு சாப்பிட்டன. மஞ்சள் வரிசையில் ஒரு பிடி மட்டும் எந்தப் பறவையும் தொடாமலே குறையும். ஜகதாம்பாள் அது அணிலின் வேலை என்று நினைத்தார். இரண்டு செய்தியையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் ஓய்வாக இல்லை.

2024 பொங்கலுக்கு எல்லோரும் வீரராகவன் வீட்டில் கூடினார்கள். அவர் மனைவி போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பர்னர் ஒரே நேரத்தில் எரிந்தது அன்றைக்குத்தான். பெங்களூரிலிருந்து மகன் அனந்த், மருமகள் வசுமதி, எட்டு வயதுப் பேத்தி ஹம்சினி. சாந்த்ராகாச்சியிலிருந்து வெல்லத்தோடும் மஞ்சள் கொத்தோடும் ஜகதாம்பாள். ஹம்சினியின் பள்ளி, பிள்ளைகளுக்கு நன்றியுணர்வும் தாராள மனமும் வளரவேண்டும் என்று விடுமுறைக்கு ஒரு தாள் கொடுத்திருந்தது. தனக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதை வீட்டில் ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோ ஒட்டினால் கூடுதல் மார்க். வசுமதி இதைத் தேர்தல் வேலை மாதிரி நடத்தினாள். ஜகதாம்பாள் நான்கு பேரை எழுதினார், அதில் ஒருவர் பால்காரர். தாத்தாவின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மறுநாள் காலை ஜகதாம்பாள் பால்கனியில் இலையை விரித்தார். வீரராகவன் காபியோடு வந்து நின்றார்.

"ஜகதா, இது பத்தொம்பதாவது மாடி. காக்கா என்ன, லிஃப்ட்லயா ஏறி வரும்?"

"வரபோது வரட்டும். நீ செத்த தள்ளி நில்லு அண்ணா, நெழல் விழறது."

ஏழே காலுக்கு இலையில் ஒரு பிடி குறைந்தது; வீரராகவனின் சட்டைப் பை கனத்தது. ஹம்சினி நடுவில் நின்றுகொண்டிருந்ததால் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்துவிட்டாள்.

"தாத்தா, உன் பாக்கெட்ல அத்தைப் பாட்டியோட ரைஸ்! எழுதிக்கட்டுமா?"

அனந்த் வந்து முகர்ந்து பார்த்து, அதே மஞ்சள்தான் என்றான். ஏழு இஸ்திரிக்காரர்களும் அந்த நிமிடத்தில் குற்றமற்றவர்கள் ஆனார்கள். வசுமதி பேனாவை நீட்டி, "ஒரு கையெழுத்துதாம்ப்பா" என்றாள். முப்பத்தெட்டு வருடமும் சோறு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்ததால், ஜகதாம்பாளின் முகம் பரீட்சையில் பாஸான பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. வீரராகவன் எல்லோரையும் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"நான் யார்கிட்டயும் எதையும் வாங்கினதில்லை. காக்காய்க்குப் போடறதை என் பைல கொட்டிட்டு, அதுக்கு நான் தேங்க்ஸ் வேற சொல்லணுமா? யார் கேட்டா இதை?"

"ஆமாம், யார் கேட்டா" என்றார் ஜகதாம்பாள். "இனிமே வைக்கலைண்ணா." இலையை நாலாக மடித்தார். குளித்துவிட்டுப் பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். தாத்தாவின் கட்டம் காலியாகவே பெங்களூர் போனது. பள்ளி அதில் சிவப்பு மையால், முன்னேற்றம் தேவை என்று எழுதியது. யாருக்கு என்று எழுதவில்லை.

2025 பொங்கலுக்கு யாரும் வரவில்லை. அனந்துக்கு லீவு இல்லை. ஜகதாம்பாளை யாரும் கூப்பிடவில்லை. கனுவன்று வீரராகவன் ஆறு மணிக்கே எழுந்து, பை வைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏழே கால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. வேறு சட்டை மாற்றினார். மத்தியானத்துக்குள் இருந்த பதினொரு சட்டையையும் போட்டுப் பார்த்துவிட்டு, பையே இல்லாத ஒரு குர்தாவையும் போட்டுப் பார்த்தார். சாயங்காலம் கீழே இறங்கி, எட்டாவது இஸ்திரிக்காரரான ஸ்வபனிடம், இந்தத் தடவை சட்டையை என்ன செய்தாய் என்று கேட்டார். "கிச்சு கோரினி, மேஷோமோஷாய்" என்றார் ஸ்வபன். ஒன்றும் செய்யவில்லை, பெரியவரே. சோறு இருந்ததற்காகத் திட்டு வாங்கியவர், இல்லாததற்காகவும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து பத்தொன்பதாவது மாடி நடையில் இருக்கும், ஆள் வந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு வீரராகவனுக்கு எரிவதை நிறுத்தியது. மற்றவர்களுக்கு எரிந்தது. காற்றில் உருண்டு வந்த பாலிதீன் பைக்கு எரிந்தது. புகார்ப் புத்தகத்தில் நான்கு முறை எழுதினார். எலக்ட்ரீஷியன் வந்து நின்றார், எரிந்தது, போனார். பிறகு வீரராகவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து ஃப்ளாட்டில் யாராவது வெளியே வருகிறார்களா என்று காத்திருந்து, அவர்களுடைய வெளிச்சத்தில் லிஃப்ட் வரைக்கும் நடக்கப் பழகினார். துர்கா பூஜை வந்தது, போனது. தங்கையின் எண்ணை எடுப்பார். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

டிசம்பர் கடைசியில் ஜகதாம்பாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு, கழுத்திலிருந்து ஒரு துணித் தூளி, பார்த்துக்கொள்ளப் பகலில் மட்டும் ஒரு பெண். வசுமதி வீடியோவில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஹம்சினி நடுவில் புகுந்தாள்.

"தாத்தா, அத்தைப் பாட்டி உனக்கு வெச்சா. அத்தைப் பாட்டிக்கு யார் வைப்பா?"

"அதுக்கெல்லாம் வழக்கம் இல்லைடி."

"ஏன் இல்லை?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் வீரராகவன், நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தார்.

2026 பொங்கலுக்கு முதல் நாள் அவர் மெட்ரோ மாறி, தமிழ்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட்டுக்குப் போனார். மஞ்சள் கொத்து ஒன்று நாற்பது ரூபாய். கடைக்காரர் இலை கிழியாமல் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ஆத்துல மாமிக்கா சார்?" என்றார். வீரராகவன், ஆமாம், மாமிக்குத்தான் என்றார். கனுவன்று காலை குளிக்காமல், எடுத்து வைத்திருந்த பழைய சோற்றை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் மஞ்சள் பொடி, ஒன்றில் குங்குமம், ஒன்றில் தயிர் போட்டுப் பிசைந்தார். பால்கனியில் மேற்கே, சாந்த்ராகாச்சி இருக்கும் திசையைப் பார்த்து இலையை விரித்தார். பிடிகள் நிற்கவில்லை, சரிந்தன. திரும்பப் பிடித்து வைத்தார். பனியில் ஒரு காக்கையும் இல்லை. ஏழே காலுக்கு மஞ்சள் வரிசையில் ஒரு பிடி குறைந்தது. ஏழு பதினேழுக்குப் போன் அடித்தது. இரண்டு வருடமாக அதில் வராத பெயர்.

"அண்ணா, என் தூளிக்குள்ள சோறு இருக்கு."

"அப்படியா?"

"மஞ்சப்பொடி ஜாஸ்தி. நெடி தாங்கலை."

"இஸ்திரிக்காரன் தப்பா இருக்கும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இருக்கும், இருக்கும்" என்றார் ஜகதாம்பாள். "காக்கா வந்துதா?"

வீரராகவன் இலையைப் பார்த்தார். வரும் என்றார்.

போனை வைத்த பிறகும் காக்கைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்; ஒன்றும் வரவில்லை. பிறகு இலையை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி வெளியே வந்தார். நடை விளக்கு எரிந்தது. லிஃப்டில் துணி மூட்டையோடு ஸ்வபன் நின்றிருந்தார். இலையைப் பார்த்துவிட்டு, மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். வீரராகவனின் இரண்டு கையும் நிறைந்திருந்ததால், தரைத் தளத்துக்கான பொத்தானை ஸ்வபன்தான் அழுத்தினார்.