மாரியாயி கொண்டுவந்த துண்டு

1

ஒரு படத்திடம் ஏமாந்துதான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். இலங்கை மலைநாட்டுப் பதுளையில், தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் பழைய பங்களாவின் சாமான்களை விற்றபோது பார்த்த நீர்வர்ண ஓவியம் அது. பதுளைக் கடைவீதி, 1912. வரைந்தவர் பெயர் இல்லை. முதல் வரியை இப்படி எழுதினேன்:

‘அந்தி மயங்கும் வேளையில், அமைதியான கடைவீதியில் ஒருத்தி—’

(அடித்துவிட்டேன். நிழல்கள் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கின்றன; நண்பகல் நெருங்குகிறது. ஈரத்தாளில் ஊதாவை ஓடவிட்டதால் வந்த மயக்கம்தான் அந்த அந்தி.)

2

படத்தில் இரண்டு தீற்றலில் ஒரு மாட்டுவண்டி, புள்ளி புள்ளியாகச் சனம். எல்லோரும் நடக்க, ஒருத்தி மட்டும் நிற்கிறாள். கையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அங்கே வர்ணமே இல்லை, வெறும் தாள். நீர்வர்ணத்தில் வெள்ளையைத் தீட்டாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அது துணியா காகிதமா என்று ஓவியர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் கவலைப்பட்டேன். அவளுக்கு மாரியாயி என்று பெயரும் வைத்தேன்.

3

மாரியாயி திருச்சிப் பக்கமிருந்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வாழவந்து ஒரு மாதம். கணவன் அழகர் வேறு தோட்டத்தில் வேலை தேடிப் போகும் வழியில் பதுளையில் பொலிஸிடம் பிடிபட்டான். தோட்டத்தை விட்டுப் போகத் துரை கொடுத்த சீட்டை லயத்துக் கூரையில் செருகிவிட்டு மறந்திருந்தான். மதியத்துக்குள் அதைக் காட்டாவிட்டால் மறியலில், அதாவது சிறையில், போட்டுவிடுவார்கள். வண்டிக்கார மொஹிதீனிடம் சொல்லியனுப்பினான். அவரும் மறக்காமல் சொன்னார்.

“துண்ட எடுத்துக்கிட்டு ஒடனே வரச் சொன்னாரு, தங்கச்சி.”

(தோட்டத்தில் அந்தச் சீட்டுக்கும் துண்டு என்றுதான் பெயர். புதிதாக வந்தவளுக்குத் துண்டு என்றால் தோளில் போடுவது.)

மனுஷன் குளிரில் நடுங்குகிறார் போல என்று நினைத்து, இருந்ததில் நல்ல துண்டாக மடித்து எடுத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக மலையிறங்கினாள். நேரத்துக்கு வந்தும் சேர்ந்துவிட்டாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது.

4

முதல் முடிவு: அழகர் அவளைத் திட்டித் தீர்க்கிறான்— (வேண்டாம். அவனை அவ்வளவு கெட்டவனாக எழுத வரவில்லை.)

இரண்டாவது: அவள் திரும்பி ஓடி— (லயத்துக்குப் போய்வர நேரமில்லை.)

மூன்றாவது: கம்பிக்குள்ளிருந்து கை நீட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறான்.

“இதத்தான் கேட்டேன் புள்ள. நீ வீட்டுக்குப் போ.”

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. படத்தில் அவள் இன்னும் ஸ்டேஷனுக்குள் போகவில்லை. கேட்டதைக் கொண்டுவந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வீதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள். இல்லையென்றால், பேசாமல் வழிவிடுங்கள்.